சான்றிதழோடு முடிந்துவிடாத பொறுப்பு: பேக்கேஜிங் கழிவு விதிகளும் தொழில் நிறுவனங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேக்கேஜிங் கழிவு தொடர்பான சட்டங்கள் உலகின் பல நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறுகிவருகின்றன. அவற்றைப் பற்றி வணிகச் செய்திகளில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: நிறுவனங்களுக்கு இதனால் எவ்வளவு கூடுதல் செலவு ஏற்படும்? கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆயினும், பேக்கேஜிங் பொருட்களைக் கொள்முதல் செய்யும் பணியிலும், பின்னர் அவற்றுக்கான தரக்குறிப்புகளை எழுதும் பணியிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதால் நிறுவனங்களும் அரசுகளும் இந்தச் சட்டங்களின் அடிப்படை நோக்கத்தைத் தவறவிடுகின்றனவோ என்று கவலைப்படுகிறேன். உறையை எந்தப் பொருளில், எத்தனை அடுக்கில், எந்தப் பசையோடு, எந்த மூடியோடு செய்வது என்று முடிவெடுக்கும் இடத்துக்கு இந்தச் சட்டம் வந்து சேர வேண்டும். இப்போதோ அது கணக்குப் பிரிவில் ஆண்டுக்கொரு முறை நிரப்பப்படும் படிவமாகவும், விலை கொடுத்து வாங்கப்படும் சான்றிதழாகவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டங்கள் எதற்காகப் பிறந்தன என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஒரு பொருளை வாங்கியவர் அதன் உறையைத் தூக்கி எறிந்த பிறகு, அதை அள்ளுவதும் புதைப்பதும் எரிப்பதும் நீண்ட காலம் உள்ளாட்சி அமைப்புகளின் செலவாகவே, அதாவது வரி செலுத்தும் எல்லோருடைய செலவாகவே, இருந்துவந்தது. உறை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அது குப்பையான பிறகு எந்தச் செலவையும் ஏற்கவில்லை. அந்தச் செலவைச் சுமந்தவரிடம் உறையின் வடிவத்தைப் பற்றி யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்ற கருத்தை முன்வைத்தபோது, இந்த இரு தரப்பையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதே அதன் நோக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி அதைப் பேக்கேஜிங் துறையில் சட்டமாக்கியது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் உறைகளில் பச்சைப் புள்ளி முத்திரையை இட்டன. அந்தப் பணத்தைக் கொண்டு நகராட்சிகளின் சேகரிப்புக்கு இணையாக இன்னொரு சேகரிப்பு முறை இயங்கியது. 1994-ல் ஐரோப்பிய ஒன்றியமும் 1995-ல் ஜப்பானும் தத்தம் சட்டங்களை இயற்றின. தென் கொரியா 2003-ல் பின்தொடர்ந்தது. இந்தியா 2016-ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் இந்தப் பொறுப்பை ஏற்று, 2022 பிப்ரவரியில் அதற்கான விரிவான இலக்குகளை அறிவித்தது. அமெரிக்காவில் 2021-ல் மெய்ன், ஓரிகன் மாநிலங்கள் தொடங்கிவைத்த பாதையில் கலிபோர்னியா உள்ளிட்ட வேறு மாநிலங்களும் சென்றுகொண்டிருக்கின்றன.

ஒரு நிறுவனம் இந்தச் சட்டத்தின் முன் முதன்முதலாக நிற்கும்போது எழும் கேள்வி, 'இதில் பொறுப்பாளி யார்?' என்பதாகும். உறையைச் செய்தவரா, அதில் பொருளை நிரப்பியவரா, அதன்மீது தன் பெயரை அச்சிட்டவரா, வெளிநாட்டிலிருந்து நிரப்பிய நிலையில் இறக்குமதி செய்தவரா, இணையவழியில் விற்று வீட்டுக்கு அனுப்பும்போது மேலே இன்னொரு பெட்டியைச் சுற்றியவரா? ஒவ்வொரு நாடும் இதற்கு வெவ்வேறு விடை வைத்திருக்கிறது. இந்திய விதிகள் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர் என்று மூவரையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பிரிட்டன் 1997 முதல் பின்பற்றிய பழைய முறையில், மூலப்பொருள் செய்தவருக்கு 6 சதவீதம், அதை உறையாக மாற்றியவருக்கு 9 சதவீதம், நிரப்பியவருக்கு 37 சதவீதம், விற்றவருக்கு 48 சதவீதம் என்று பொறுப்பு பங்கிடப்பட்டிருந்தது; 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அந்தப் பங்கீட்டைக் கைவிட்டு, ஒவ்வொரு உறைக்கும் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தன. பிறர் பெயரில் பொருள் செய்து கொடுக்கும் நிறுவனங்களும், பிறரைக்கொண்டு செய்து தம் பெயரில் விற்கும் நிறுவனங்களும் இந்தக் கேள்விக்கு ஒப்பந்தம் எழுதும்போதே விடை கண்டுவிட வேண்டும். பொருள் சந்தைக்குப் போன பிறகு, 'இது உங்கள் பொறுப்பு' என்று இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டும் நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சச்சரவில் இருவரில் எவர் வென்றாலும் அறிக்கை உரிய நாளில் போவதில்லை.

அதற்கு அடுத்தது எடை. இதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெரும்பாலான நிறுவனங்கள் உண்மையில் திணறுவது கட்டணத்தில் அல்லாமல் இந்த இடத்தில்தான். சட்டம் கேட்பது டன் கணக்கு: எத்தனை டன் காகிதம், எத்தனை டன் நெகிழி, எத்தனை டன் கண்ணாடி, எத்தனை டன் உலோகம். நிறுவனத்தின் கொள்முதல் பதிவேட்டில் இருப்பதோ அட்டைப்பெட்டி எண்ணிக்கையில், லேபிள் ஆயிரக் கணக்கில், ஃபிலிம் சுருள் கணக்கில், ஒட்டும் நாடா மீட்டர் கணக்கில். இவற்றையெல்லாம் பொருள்வாரியான எடையாக மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு உறையையும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்தோ, தரக்குறிப்பிலிருந்து கணக்கிட்டோ அறிய வேண்டும். பல அடுக்கு உறையொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவே 9 மைக்ரான் அலுமினியத் தகடு, உள்ளே 50 மைக்ரான் பாலிதீன் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு முறையே ஏறத்தாழ 17, 24, 46 கிராம் வரும். கண்ணுக்கு மிக மெல்லியதாகத் தெரியும் அலுமினியம் மொத்த எடையில் கால் பங்குக்கும் மேல் இருக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும். இதில் அடுக்குகளை ஒட்டும் பசையையும் அச்சு மையையும் நான் சேர்க்கவில்லை. மூடி, மூடிக்குள் இருக்கும் தக்கை, கழுத்தைச் சுற்றிய சுருங்கும் உறை, பல பெட்டிகளை ஒன்றாகக் கட்டும் ஃபிலிம், சரக்குப் பலகைமேல் சுற்றப்படும் நீட்சி ஃபிலிம் என்று ஒவ்வொன்றுக்கும் இதே உழைப்பு தேவைப்படுகிறது.

இந்த உழைப்பைத் தண்டனை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், அதை ஒருமுறை முழுமையாகச் செய்து பாருங்கள் என்பதுதான். தம் உறையின் பாகங்களைப் பிரித்து எடைபோட்ட நிறுவனங்களில், தேவைக்கு மேல் தடிமனான அட்டையும், எவரும் கேட்காத உள்தட்டும், போக்குவரத்துக்கு இனி அவசியமில்லாத இரண்டாவது பெட்டியும் கண்டுபிடிக்கப்படாமல் போனதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒருமுறை தீர்மானிக்கப்பட்ட தரக்குறிப்பு, தீர்மானித்தவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுதான் தொழிலின் இயல்பு. சட்டம் கேட்கும் அறிக்கை அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிறது. கணக்காளர் ஒருவர் மட்டும் தனியாக அமர்ந்து நிரப்பினால் அது கேட்கப்படாமலே போய்விடும். கொள்முதல், உற்பத்தி, வடிவமைப்பு ஆகிய மூன்று பிரிவினரும் கூடி நிரப்பினால்தான் பயன் கிடைக்கும்.

இனி கட்டணத்துக்கு வருகிறேன். எடைக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறை கேட்பதற்கு நியாயமானதாகத் தோன்றினாலும், அதை மட்டும் தனியே விட்டால் அது தவறான திசையில் இழுத்துச் சென்றுவிடும். எடையைக் குறைக்க மிக எளிய வழி, கனமான கண்ணாடியையோ தகரத்தையோ விட்டு மெல்லிய பல அடுக்குப் பவுச்சுக்கு மாறுவதுதான். டன் கணக்கு குறையும், போக்குவரத்து எரிபொருளும் குறையும். ஆனால் கண்ணாடியையும் தகரத்தையும் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம், மேலே நான் எடைபோட்டுக் காட்டிய மூன்றடுக்கு உறையையோ வழக்கமான மறுசுழற்சி ஆலையில் பிரித்தெடுக்க முடியாது. அது எரிக்கப்படும், இல்லையேல் புதைக்கப்படும். பிரிட்டனில் புதிய முறையின் முதல் ஆண்டான 2025-26-க்கு விதிக்கப்பட்ட கட்டணங்களைப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும்: காகிதம், அட்டைக்கு டன்னுக்கு 196 பவுண்டு, நெகிழிக்கு 423 பவுண்டு, ஆனால் நெகிழிப் படலம் ஒட்டிய காகிதக் கலவைக்கு 461 பவுண்டு. நெகிழியைக் கைவிட்டுவிட்டோம் என்று அறிவித்துக்கொண்டு, உள்ளே மெல்லிய நெகிழிப் பூச்சு இட்ட காகித உறைக்கு மாறிய நிறுவனங்களுக்கு இந்த அட்டவணை ஒரு செய்தி சொல்கிறது: பிரிக்க முடியாமல் ஒட்டப்பட்ட இரு பொருட்கள், தனித்தனியே இருப்பதைவிடக் கையாளக் கடினமானவை.

மறுசுழற்சி ஆலையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உறை வடிவமைப்போர் ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். அங்கே உறைகளைப் பிரிக்கும் ஒளியுணரிகள் அகச்சிவப்புக் கதிரின் எதிரொளியைக் கொண்டு நெகிழியின் வகையை அறிகின்றன. கரிக்கருப்பு என்னும் கரித்தூள் நிறமி சேர்த்த கருப்பு நெகிழி அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், அது என்ன வகை என்று உணரிக்குத் தெரிவதில்லை. எவ்வளவு நல்ல பாலிப்ரொப்பிலீனாக இருந்தாலும் குப்பையோடு போய்விடுகிறது. பெட் (PET) என்னும் பாலியெஸ்டர் வகை நெகிழியால் ஆன பாட்டிலின் மேல் பி.வி.சி. என்ற வேறு வகை நெகிழி உறையைச் சுருக்கி ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டவை என்பதால் தண்ணீரில் இரண்டுமே மூழ்கும், பிரியாது. பின்னர் உருக்கும்போது பி.வி.சி. சிதைந்து அமிலத்தை வெளியிட்டு, பெட்டின் தரத்தைக் கெடுத்துவிடும். அதே இடத்தில் தண்ணீரில் மிதக்கும் பாலி ஒலிஃபின் (பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் குடும்ப நெகிழி) உறையைப் பயன்படுத்தினால் தொட்டியிலேயே தனியாகிவிடும். கழுவும்போது விட்டுவிடாத பசை, அழுத்திப் பீய்ச்சும் மூடிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சுருள், பாட்டில் முழுவதையும் மூடும் அச்சு உறை என்று இப்படிப் பல சிறு முடிவுகள், விற்பனைப் பிரிவு 'கவர்ச்சியாக இருக்கிறது' என்று தேர்ந்தெடுத்தவை, பின்னால் முழு உறையையும் வீணாக்குகின்றன. இவற்றில் பலவற்றைக் கூடுதல் செலவில்லாமலே மாற்ற முடியும். பல அடுக்குகளுக்குப் பதிலாகப் பாலிதீன் குடும்பத்துக்குள்ளேயே அமைந்த ஒற்றைப்பொருள் உறையைப் பயன்படுத்துவது அவ்வளவு எளிதல்ல. ஈரமும் ஆக்சிஜனும் புகாமல் காக்கும் திறன், அடைக்கும் இயந்திரத்தின் வெப்பநிலை, வேகம் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் கெட்டுப்போனால் அதுவும் ஒரு கழிவுதான், பெரும்பாலும் உறையைவிடப் பெரிய கழிவு. ஆகவே இந்த மாற்றத்துக்குக் காலம் தேவை என்று நிறுவனங்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தைச் சோதனைகளுக்காகச் செலவிடுகிறார்களா, காத்திருப்பதற்காகச் செலவிடுகிறார்களா என்பதை மட்டும் அரசு கேட்க வேண்டும்.

எடையோடு மறுசுழற்சித் தகுதியையும் சேர்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்குவதுதான் இதற்குச் சரியான தீர்வு என்று நான் நம்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறை அந்தத் திசையில் செல்கிறது. 2025 பிப்ரவரி 11-ல் செல்லுபடியான அந்த ஒழுங்குமுறை, பொதுவான அமலாக்க நாளாக 2026 ஆகஸ்ட் 12-ஐக் கொண்டுள்ளது. சந்தைக்கு வரும் எல்லா உறைகளும் 2030 முதல் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அவை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்படும். 2038 முதல் சி தரத்துக்கும் இடமில்லை. முன்பிருந்த 1994-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி சட்டமாக்கியதால், பிரான்சுக்கு ஒரு குறியீடு, இத்தாலிக்கு வேறொரு குறியீடு என்று ஒரே உறைக்குப் பல லேபிள்கள் அச்சிட வேண்டியிருந்தது. புதிய ஒழுங்குமுறை 27 நாடுகளுக்கும் நேரடியாகவே பொருந்தும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் இதைத் தொலைதூரச் செய்தியாகக் கருதிவிடக் கூடாது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கும், உணவைத் தொடும் உறைகளில் ஃபுளோரின் சேர்ந்த நிலைத்த வேதிப்பொருட்களுக்கான வரம்புக்கும் சோதனைச் சான்றும் இணக்க அறிவிப்பும் இறக்குமதியாளர் கேட்பார். அவற்றை வைத்திருக்காத வழங்குநரை அவர் மாற்றிவிடுவார். பேக்கிங் பிரிவினருக்கு இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். இணைய விற்பனைப் பெட்டி, போக்குவரத்துப் பெட்டி ஆகியவற்றில் வெற்றிடம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2030 முதல் விதியாகிறது. காற்றுப் பைகள், குமிழ் ஃபிலிம், காகிதத் துணுக்குகள் ஆகியவற்றால் நிரப்பிய இடமும் வெற்றிடமாகவே கணக்கிடப்படும். மூன்று அளவுப் பெட்டிகளை வைத்துக்கொண்டு எல்லாப் பொருளையும் அனுப்பிவரும் நிறுவனம் இதற்காகத் தன் கிடங்கையே மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

சான்றிதழ் வணிகத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வேதனையே மிஞ்சுகிறது. எல்லா நிறுவனங்களும் தம் உறைகளைத் தாமே தேடிச் சேகரிப்பது நடவாத காரியம் என்பதால், மறுசுழற்சி செய்பவர் தான் கையாண்ட எடைக்குச் சான்றிதழ் வழங்குவதும், நிறுவனங்கள் அதை வாங்கித் தம் இலக்கைக் காட்டுவதும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் நடைமுறையாயின. அந்த ஏற்பாட்டில் தவறில்லை, கண்காணிப்பு இருக்கும்வரை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-ல் செய்த தணிக்கையில், நான்கு மறுசுழற்சி நிறுவனங்கள் மட்டுமே சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது வெளிப்பட்டது. எங்கும் சேகரிக்கப்படாத, எங்கும் உருக்கப்படாத நெகிழிக்கு எழுதப்பட்ட காகிதங்கள் அவை. இதனால் கெட்டது சுற்றுச்சூழல் மட்டுமல்ல. உண்மையாகவே கழிவை வாங்கி, கழுவி, உருக்கி, கழிவுநீரைச் சுத்திகரித்து, ஊழியர்களுக்கு முறையான ஊதியம் கொடுத்து நடக்கும் ஆலை தரும் சான்றிதழ், எழுதுகோலை மட்டும் கொண்டு தயாராகும் சான்றிதழோடு விலையில் போட்டியிட வேண்டியதாகிறது. மலிவான சான்றிதழைத் தேடி அலையும் ஒவ்வொரு நிறுவனமும், தெரிந்தோ தெரியாமலோ, நேர்மையான ஆலையை மூடும் வேலையில் பங்கெடுக்கிறது. சான்றிதழ் வாங்கும் முன் அந்த ஆலையின் நிறுவுதிறன் என்ன, மின்கட்டண ரசீது எவ்வளவு, அந்த மின்சாரத்தில் இவ்வளவு டன்னைக் கையாண்டிருக்க முடியுமா என்று கேட்பதற்குச் சட்டத்தின் அனுமதி எதுவும் தேவையில்லை. வேறு எந்த மூலப்பொருளை வாங்கும்போதும் நாம் செய்கிற ஆலை ஆய்வை இதற்கு மட்டும் விலக்க என்ன காரணம்?

சிறு நிறுவனங்களின் நிலை வேறு. அவற்றுக்காகத் தனியே பேச வேண்டும். ஜெர்மனியில் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. ஆண்டுக்கு ஒரு சில உறைகளை மட்டும் சந்தைக்கு அனுப்புபவரும் பொதுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தாக வேண்டும், 2022 ஜூலை முதல் இணையச் சந்தைகள் பதிவில்லாத விற்பனையாளரை அனுமதிக்கவும் கூடாது. பிரிட்டனில் ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் பவுண்டுக்குக் கீழே இருந்தாலோ, உறைகள் 25 டன்னுக்குக் கீழே இருந்தாலோ கடமையே இல்லை. இந்தியாவில் குறு, சிறு உற்பத்தியாளர்களின் பொறுப்பு, 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, அவர்களுக்கு நெகிழி மூலப்பொருள் வழங்குவோர் மீது ஏற்றப்பட்டது. இம்மூன்று வழிகளில் மூன்றாவதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஒரு சில பெரிய மூலப்பொருள் ஆலைகளைத் தணிக்கை செய்வது, எண்ணற்ற சிறு பட்டறைகளைத் தேடித் திரிவதைவிட எளிது, நியாயமானதும்கூட. ஜெர்மனியிலேயே, விற்பனை இடத்தில் நிரப்பிக் கொடுக்கப்படும் உறைகளைக் கட்டணம் ஏற்கெனவே செலுத்தப்பட்ட நிலையில் வழங்குநரிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சிறு விற்பனையாளர்களுக்கு வழி இருக்கிறது. அதை எந்த நாடும் பின்பற்றலாம். ஆனால் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்ற சிறு நிறுவனம், தன் உறையைப் பற்றி அறிந்துகொள்வதிலிருந்தும் விலக்குப் பெற்றுவிட்டதாக எண்ணினால் அது அதற்கே இழப்பாகும். அதனிடம் வாங்கும் பெரிய நிறுவனம் நாளை அதே விவரங்களைக் கேட்கும்.

மறுசுழற்சி செய்த நெகிழியை மீண்டும் உறையில் சேர்க்க வேண்டும் என்ற விதி, இந்தச் சட்டங்களில் தொழிலை மிகக் கடுமையாகத் தொடும் பகுதி என்று நினைக்கிறேன். பிரிட்டன் 2022 ஏப்ரல் முதல், 30 சதவீதத்துக்குக் குறைவாக மறுசுழற்சிப் பொருள் கொண்ட நெகிழி உறைக்குத் தனி வரி விதித்துவருகிறது. இந்திய விதிகளில் கெட்டியான உறைகளுக்கு 2025-26-ல் 30 சதவீதம் என்று தொடங்கி 2028-29-ல் 60 சதவீதத்தை எட்டுமாறும், பல அடுக்கு உறைகளுக்கு 5 சதவீதத்தில் தொடங்கி 10 சதவீதத்தை எட்டுமாறும் இலக்குகள் எழுதப்பட்டன. இந்த இலக்கை நம்பிக் கழுவும் ஆலைகளிலும் உருக்கும் இயந்திரங்களிலும் முதலீடு செய்தவர்களுக்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. கச்சா எண்ணெய் விலை சரியும்போதெல்லாம் புதிய நெகிழி மலிவாகி, மறுசுழற்சிப் பொருளை யாரும் தேடாமல் போவது ஒன்று. கெடு நெருங்கும் வேளையில் தொழில் அமைப்புகளின் வற்புறுத்தலால் இலக்கு தள்ளிவைக்கப்படுவது மற்றொன்று. முதலாவதை யாராலும் தடுக்க இயலாது. இரண்டாவதை அரசு தடுக்க முடியும். ஒருமுறை தள்ளிவைக்கப்பட்ட இலக்கு, முன்கூட்டியே தயாரானவரைத் தண்டித்து, காத்திருந்தவருக்குப் பரிசளிக்கிறது. அடுத்த முறை எவரும் முன்கூட்டியே தயாராக மாட்டார்கள்.

இத்தனை விதிகளும் கடைசியில் யாரோ ஒருவர் குனிந்து எடுப்பதை நம்பித்தான் இயங்குகின்றன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெருவிலும் குப்பை மேட்டிலும் பொறுக்குவோர், பழைய பொருள் கடைக்காரர், வகை பிரிக்கும் பெண்கள் ஆகியோரிடமிருந்துதான் பல நாடுகளில் ஆலைகளுக்கு மூலப்பொருள் வந்து சேருகிறது. பாட்டிலுக்கும் கெட்டியான டப்பாவுக்கும் விலை உண்டு என்பதால் அவை எடுக்கப்படுகின்றன. பல அடுக்குப் பவுச்சுக்கு விலை இல்லை என்பதால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நிறுவனங்கள் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி, விலையில்லாத இந்த உறைகளை எடுப்பதற்கான கூலியாக அவர்கள் கைக்குப் போகும் வகையில் எழுதப்படாத எந்த விதியும், மேலே ஆலைகளுக்கும் இடைத்தரகர்களுக்கும் இடையில் சுற்றும் பணமாகவே முடிந்துவிடும். தம் சார்பில் கழிவைச் சேகரிக்க ஓர் அமைப்போடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள், அந்த ஒப்பந்தத்தில் சேகரிப்போருக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கப்படும் என்பதை எழுதச் சொல்ல வேண்டும். அப்படி எழுதச் சொன்னவர்களை நான் மிகச் சிலரையே அறிவேன். அவர்களுக்குச் சேகரிப்புக் கணக்கு ஒருபோதும் பொய்யாகவில்லை.

மறுபயன்பாட்டைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. போக்குவரத்து உறைகளில் குறைந்தது 40 சதவீதம் 2030-க்குள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், அட்டைப்பெட்டிகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு என்று ஐரோப்பிய விதி கூறுகிறது. இந்திய விதிகளும் பெரிய கெட்டி உறைகளுக்கு மறுபயன்பாட்டு இலக்குகளை வைத்துள்ளன. திரும்பி வரும் கூடைகளும் பீப்பாய்களும் ஆலைகளுக்கிடையே ஏற்கெனவே பழக்கமானவை என்பதால், தொழிலுக்கு இது புதிய பாடமாக இராது.

அரசுகளிடம் நான் முன்வைக்க விரும்பும் வேண்டுகோள் இதுதான். பேக்கேஜிங் பொருள் வழங்கும் ஒவ்வொருவரும், தாம் அனுப்பும் சரக்கின் விலைப்பட்டியலிலேயே ஓர் உறையின் எடை, அதன் ஒவ்வொரு அடுக்கின் பொருள் வகையும் சதவீதமும், அதில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று விதிக்க வேண்டும். உறையைச் செய்தவருக்குத் தெரிந்த இந்த விவரத்தை, அதை வாங்கிய ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தனித்தனியே தராசும் அளவுகோலும் கொண்டு தேட வேண்டியதில்லை. வழங்குநர் எழுதியதும், வாங்கியவர் அறிவித்ததும், மறுசுழற்சியாளர் கோரியதும் ஒரே அலகில் இருந்தால், போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் பயணம் செய்ய வேண்டிய அவசியமும் பெருமளவு குறையும். விதி வரும்வரை காத்திராமல், கொள்முதல் ஆணையில் இந்த நிபந்தனையை இன்றே சேர்த்துவிடுமாறு கொள்முதல் பிரிவில் பணியாற்றும் தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கேட்டு வாங்கும்போது முதலில் மறுக்கும் வழங்குநர், இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளர்கள் கேட்டவுடன் தருவார் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கேஜிங் துறையில் பணியாற்றிய வாசகர் ஒருவர்